ஏழு நிமிடச் சண்டை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. நீயும் உன் மனைவியும் சுகமா? பெற்ற பெண்ணுக்கு அழகான பெயர் வைத்துவிட்டு மூன்றாம் மாதமே ‘வால்’ என்று கூப்பிட ஆரம்பித்தாயே, அவள் இப்போது எப்படி ஆட்டிவைக்கிறாள்? உன் முதுகுவலி தேவலையா?

நீ கடைசியாக எழுதி மூன்று வருஷம் ஆகிறது. அதுவும் இரண்டே வரி. நான் பதில் போடவில்லை. இப்போது வேலை விஷயமாக எழுதுகிறேன் என்று தப்பாக நினைக்காதே.

நீ சண்டை அமைத்து நான் எடிட் செய்தோமே, அந்த வாள் படம், அதைப் புதிதாக ஒருவர் வாங்கியிருக்கிறார். வாள் படங்களுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது, மறுபடி தியேட்டரில் போடப்போகிறாராம். எங்கே விசில் அடிப்பார்கள் என்பதை வைத்துத்தான் படத்தையே எடை போடுவார். ஆபீசில் எல்லோரும் அவரை ‘விசில்’ என்றே சொல்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, படத்துல பேச்சு ஜாஸ்தி, கத்தி கம்மி. கோட்டைப் படிக்கட்டுல ஏழு நிமிஷம் சண்டை எடுத்தாங்களாமே, அதை அப்படியே உள்ள வெச்சுடுங்க” என்கிறார்.

நான் அன்று ஏழு நிமிடத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்தது உனக்கு மறந்திருக்காது. ஒன்பது வருஷம் கழித்து எந்த அடிக்குப் பிறகு எந்த அடி என்று எனக்குப் பிடிபடாது. அடிக்கணக்கு எழுதிய உன் நோட்டு வேண்டும். அனுப்புவாயா?

வாலுக்கு என் முத்தம். வெயிலில் அலையாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போடு.

பட்டறையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கடைகளுக்கு இரும்பு ஷட்டர் செய்கிறோம். ஏற்றினால் ஏற வேண்டும், இறக்கினால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் கதை எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

நோட்டு இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. இருந்தாலும் எதற்கு? “கத்தி மட்டும்தான் ஓடுது, கதை நின்னுபோச்சு” என்று இயக்குநர் முன்னாலேயே சொன்னது நீதான். நின்றுபோனது நின்றபடியே இருக்கட்டும்.

வால் உன்னை விசாரித்தாள். அத்தை எப்படி இருப்பாள் என்று கேட்டாள், சொன்னேன்.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூவரும் நலம் என்று படித்ததே போதும். நானும் நலம். மாத்திரை போடுகிறேன்.

கோபத்தை இன்னும் சூடு ஆறாமல் வைத்திருக்கிறாய். பரவாயில்லை, நானும் உன் அக்காதானே. இந்த வாரம் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்தேன். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வெட்டிய சண்டை விறுவிறு என்று போகிறது, ஒரு குறை சொல்ல முடியாது. அது முடிந்ததும் கதாநாயகன் மரத்தடியில் உட்கார்ந்து, ‘அந்தக் காவலன் வேறு யாருமில்லை, என்னோடு ஒரே ஆசானிடம் வாள் பிடித்த நண்பன்’ என்று நாலு நிமிஷம் பேசுகிறான். எனக்கே கொட்டாவி வந்தது.

நீ அதை ஒரு வார்த்தை இல்லாமல் படிக்கட்டிலேயே, சண்டை ஒரு கணம் நிற்கும் மூன்று இடங்களில் சொல்லியிருந்தாய். முதல் நிறுத்தத்தில் காவலனின் வாள் கழுத்துவரை வந்து அறுக்காமல் நிற்கிறது. இரண்டாவதில், கீழே விழுந்த கதாநாயகனின் வாளை எடுத்து, பிடியை அவன் பக்கமாகத் திருப்பிக் கொடுக்கிறான். மூன்றாவதில் முகத்துணியை இறக்குகிறான். மூன்றையும் நான்தான் தூக்கினேன். அடிகளை வைத்துக்கொண்டு நிறுத்தங்களை வெட்டினேன். கதை எங்கே இருந்ததோ அந்த இடமாகப் பார்த்து வெட்டியிருக்கிறேன். இதை எழுத எனக்கு ஒன்பது வருஷம் ஆனது என்று சிரித்துக்கொள்.

நோட்டு தொலைந்தால் போகட்டும். நினைவில் இருப்பதை எழுது.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்தைப் பற்றி ஒழுங்காக எழுது, ‘நலம்’ என்று ஒரு வார்த்தையில் தப்பிக்காதே.

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். அப்புறம் ஒரு ஷட்டருக்கு ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தோஷத்தில்தான் மாட்டியிருப்பேன் போலிருக்கிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இரண்டு கடிதம் எழுதிவிட்டாய், உன் வீட்டுக்காரர், என் மாமா, அவரைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நான் கதாநாயகனுக்கு டூப். எதிரே காவலனாக நின்றது மாமா. மூன்றாவது நிறுத்தத்தில் துணியை இறக்கியதும் தெரிவது அவர் முகம். பதினோரு வினாடி. உனக்கு வேண்டியது அதுதானே? விசில் மேல் பழியைப் போடாதே.

நோட்டு இருக்கிறது. தொலைந்தது என்று பொய் சொன்னேன். மாமாவும் நானும் இருபத்துமூன்று நாள் பழகிய கணக்கு அது, கையைவிட்டு அனுப்ப மனசு வரவில்லை. அப்படியே பார்த்து எழுதி, ஆறு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் நலம், கேட்டபடி விவரமாகச் சொல்கிறேன்: சர்க்கரை இறங்கியிருக்கிறது, கண்ணாடி மாற்றினேன், முட்டி வலிக்கிறது.

ஆமாம், அந்தப் பதினோரு வினாடிதான்.

வீட்டில் அவர் படம் இரண்டு இருக்கிறது. கல்யாணப் படத்தில் போட்டோக்காரரைப் போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னொன்று சங்கத்து அடையாள அட்டை, அதில் காது மட்டும்தான் தெளிவாக இருக்கிறது. நாற்பத்துமூன்று படத்தில் வேலை செய்த மனுஷன், தம்பி. மாடியிலிருந்து விழுவார், குதிரையிலிருந்து விழுவார், எல்லாவற்றிலும் முதுகுதான். அந்த முதுகை எந்தக் கூட்டத்திலும் என்னால் கண்டுபிடிக்க முடியும். முகம் அசைந்து, கண் கொட்டி, மூச்சு வாங்கி நிற்பது அந்த ஒரு இடத்தில்தான். போன வருஷம்வரை எனக்கு அவர் முகம் நன்றாக நினைவிருந்தது. இப்போது வாய் எப்படிப் போகும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

உன் ஆறு பக்கத்தையும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கிடங்குக்குப் போய் டப்பாக்களை எடுக்கிறேன். பார்த்ததும் எழுதுகிறேன்.

வாலுக்கு முத்தம்.

அன்புடன்,
அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்பதுதான் தெரியவில்லை. பார்த்ததும் எழுதுகிறேன் என்றவள் ஏழு வாரமாக எங்கே போனாய்? முட்டி வலி அதிகமாகிவிட்டதா?

வால் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிவிட்டாள். “எங்கப்பா கத்திச் சண்டை போட்ட படம் வருது, எங்க மாமா மூஞ்சிகூட வரும்” என்று ஒரே அலம்பல். மாமா என்று நான் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் மாமா என்கிறாள், திருத்தவில்லை. நானும் மனைவியிடம் முதல் தடவையாக அந்தச் சண்டையை எழுந்து நின்று காட்டினேன், அலமாரிக் கண்ணாடி மயிரிழையில் உயிர் தப்பியது.

நீ எழுதாத நேரத்தில் எனக்கும் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்தது. மாமா இறந்துபோனபோது ‘லீவு கிடைக்கவில்லை’ என்று உனக்கு இரண்டு வரி எழுதினேன். லீவு கிடைத்தது அக்கா. ஸ்டேஷனுக்கு வந்து டிக்கெட்டும் எடுத்தேன். வண்டி வந்து நின்றது, ஏறவில்லை. உன்னை எந்த முகத்தோடு பார்ப்பது, என்ன பேசுவது என்று ஒன்றும் புரியவில்லை. வண்டி போனதும் பட்டறைக்குத் திரும்பி வந்து வேலை செய்தேன். மாமாவைத் தூக்கிவிட என் கை அங்கே இருந்திருக்க வேண்டும். என்னை எத்தனை தடவை தூக்கிவிட்டிருக்கிறார்.

திட்டியாவது எழுது.

அன்புடன்,
தம்பி


ஜூன் 18

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஸ்டேஷன்வரை வந்தாயே, அதுவே எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

சண்டை இல்லை, தம்பி. கிடங்கில் படத்தில் வந்த பாகங்கள் மட்டும்தான் இருக்கின்றன. வெட்டி ஒதுக்கிய நெகட்டிவ் எல்லாம் படம் வெளிவந்த எட்டாம் மாதமே அழிக்கக் கொடுத்தாயிற்று. அழிக்கலாம் என்ற சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். நாற்பது வரிப் பட்டியல், பதினேழாவது வரி ‘படிக்கட்டுச் சண்டை, மீதி’. அடியில் கையெழுத்து என்னுடையது. அடுத்த படத்து அவசரத்தில் படிக்காமல் போட்டிருப்பேன். என் வெட்டுக் குறிப்பேட்டையும் பார்த்தேன். மூன்றாவது நிறுத்தத்துக்கு நேராக, ‘தெரியாத முகம், வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறேன். என் கையெழுத்து கோழி கிறுக்கியதுபோல் இருக்கும் என்று நீ கிண்டல் செய்வாயே, அந்த மூன்று வார்த்தை மட்டும் அச்சுப்போல இருக்கிறது.

இதை எழுதத்தான் மூன்று மாதம் ஓடிப்போனது.

ஒரே ஒரு வழி தெரிகிறது. எடிட் செய்யும்போது பேச்சும் சத்தமும் தனிச் சுருளில் ஓடும். யாரும் பேசாத இடங்களில் அந்தச் சுருளை வெறுமையாக விட முடியாது, படத்தோடு நீளம் சரியாக வர வேண்டும். அதனால் வேண்டாத படத்துண்டுகளை நடுவில் ஒட்டி நிரப்புவோம். அதை யாரும் திரையில் பார்க்கப்போவதில்லை. என் மேசையில் மலைபோலக் கிடந்த வேண்டாத துண்டு உன் சண்டைதான். அந்தப் படத்தின் ஒலிச் சுருள்கள் பதினாறும் இருக்கின்றன. நேற்று முதல் சுருளைப் பிரித்தேன். கதாநாயகி வாசலில் பேசாமல் நிற்கும் இடத்தில், உன் காலும் பாதிப் படிக்கட்டும் வந்தன.

கீறலும் பசையுமாக இருக்கிறது. இருந்தால் போதும். வாலிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

அக்கா


ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிட்டுவிட்டு வேலை பார்.

நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்குமேல் வரவில்லை, கிழித்துவிட்டேன். வேலையைப் பார்ப்போம்.

துண்டுகளை முன்பின்னாக ஒட்டியிருப்பாய். மாமா இடக்கைக்காரர். வலக்கையில் வாள் தெரிந்தால் துண்டைத் திருப்பிப் பார். நான் கீழ்ப்படியில் நின்றால் அது முப்பதாம் அடிக்கு முன்னால். என் இடது முழங்காலில் துணி கிழிந்திருந்தால் ஐம்பத்தெட்டுக்குப் பின்னால், நிஜமாகவே கிழிந்தது அது. மூன்றாவது நிறுத்தம் தொண்ணூற்றிரண்டாம் அடிக்கு அப்புறம். அதற்குச் சற்று முன்னால் மாமாவின் வாள் நுனி சுவரில் உரசித் தீப்பொறி வரும். அதைப் பார்த்தால் மெதுவாகப் போ.

நோட்டையே அனுப்புகிறேன். பார்சலில் இருக்கிறது.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

சுகம்தானே? நோட்டு பத்திரமாக வந்தது. முதல் பக்கத்தில் அவர் பென்சிலால் ஒரு மீசை வைத்த முகம் போட்டு உன் பெயரை எழுதியிருக்கிறார். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே.

பதினாறு சுருளும் பார்த்து முடித்தேன். ஒன்று ஐம்பத்திரண்டு கிடைத்திருக்கிறது, அதாவது ஒரு நிமிடம், ஐம்பத்திரண்டு வினாடி. உன் நோட்டை வைத்து வரிசைப்படுத்தினேன். தீப்பொறியும் வந்தது. நீ சொன்னபடி மெதுவாகப் போனேன். அடுத்த ஃபிரேமிலேயே வேறு ஏதோ படத்துக் கல்யாண ஊர்வலம்.

காரணம் எனக்குத் தெரியும். ஒட்டு குறைவாக இருக்க வேண்டும் என்று நீளமான துண்டாகத்தான் எடுப்பேன். அடிகள் வரும் ஷாட் நீளம். நிறுத்தங்கள் குட்டை, குட்டையெல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு நிறுத்தம்கூட இல்லை. வாள் வருகிறது, தடுக்கிறது, மறுபடி வருகிறது. யார் யாரை எதற்காக வெட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. அன்று நான் உன்மேல் சொன்ன குற்றம் அப்போது பொய். என் கையாலேயே இப்போது அதை உண்மையாக்கிவிட்டேன்.

விசிலுக்கு ஒரே குஷி. “சூப்பர்மா, மூச்சே விடலை!” என்றார். படத்தில் சேர்த்துவிட்டார். அக்டோபரில் வருகிறது. வாலைக் கூட்டிக்கொண்டு வா. மாமாவின் முகம் வராது என்று நீயே அவளிடம் சொல்லிவிடு, எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? தனியாக உட்கார்ந்து அழாதே.

ஏழு வாரமாக இதை எழுதுவதா வேண்டாமா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொல்லாமல் வைத்திருந்தால் நீ என்னைப் புகழ்ந்துகொண்டே இருப்பாய், அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நான் அமைத்தது இரண்டு நிறுத்தம்தான். மூன்றாவது என்னுடையதில்லை. நோட்டில் பார், தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு நேராகத் தொண்ணூற்றுமூன்று இருக்கும். அன்று காலை ஒப்பனை போடும்போது மாமா என்னிடம் சொன்னார்: “டேய், இன்னைக்கு ஒரு இடத்துல துணியை இறக்கப்போறேன். நீ அடிக்காம நில்லு. நாள் முழுக்க ஊர்ல இருக்கிறவன் மூஞ்சியெல்லாம் உங்கக்கா மேசையில ஓடுது. என் மூஞ்சி ஒரு தடவை ஓடட்டுமே. பார்த்துட்டு அவ என்ன சொல்றாள்னு பார்க்கலாம். நீ வாயைத் தொறக்காதே.”

நான் நின்றேன். அவர் துணியை இறக்கினார். இயக்குநர் கத்தவில்லை, நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற வசனகர்த்தாதான், “யாருய்யா இவன்? நண்பன்னு வெச்சுக்கலாமா?” என்று கேட்டு அந்த மரத்தடிப் பேச்சை எழுதினார். அதற்குமுன் கதையில் நண்பனே கிடையாது, முதல் இரண்டு நிறுத்தமும் ஒரு வீரன் இன்னொரு வீரனுக்குக் காட்டும் மரியாதை என்றுதான் வைத்தேன்.

ஆகவே நீ வெட்டியது சரிதான் அக்கா. அது கதைக்காக வைத்த இடமில்லை. நீ பார்ப்பதற்காக வைத்தது. அது யார் என்றுகூடப் பார்க்காமலே தூக்கிப்போட்டாய் என்றுதான் எனக்கு அவ்வளவு ஆத்திரம். காரணத்தை வெளியே சொல்ல முடியாமல் கதை, கத்தி என்று என்னென்னவோ பேசி வெளியே போனேன். அந்த இடம் போய்விட்டது என்று மாமாவிடம் சொல்ல மனசு வரவில்லை. படம் வந்த அன்று அவர் தியேட்டரில் அந்த இடம் வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வரவில்லை என்றதும், “நல்லா வேகமா போகுதுடா” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அன்றும் அதற்கப்புறமும்.

இதைச் சொன்னது தப்பென்றால் மன்னித்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருங்கள். நான் அழுதேன், இப்போது இல்லை.

நான் பார்த்தேன், தம்பி.

துணியை இறக்கிவிட்டு அவர் உன்னைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தார். வாய் ஓரத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘எப்படி?’ என்பதுபோல ஒரு புருவம் மேலே போனது. ஓட்டிப் பார்த்தேன், திருப்பி ஓட்டினேன். அன்று மதியம் முழுக்க வேறு வேலை நடக்கவில்லை. அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வந்தது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அதை ஊர் எதற்குப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கேமராவைப் பார்க்கும் ஷாட்டை எந்த எடிட்டரும் விடமாட்டார், எனக்கு அந்தச் சாக்கும் இருந்தது. இயக்குநர் மேற்கொண்டு கேள்வி கேட்கக் கூடாது என்றுதான் ‘தெரியாத முகம்’ என்று குறிப்பேட்டில் நிதானமாக எழுதினேன். அந்தத் துண்டை மட்டும் தனியாகச் சுருட்டி எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் கேட்டார். “இன்னைக்கு மேசையில என்ன ஓடுச்சு?” ஆவலோடுதான் கேட்டிருக்கிறார், இப்போது புரிகிறது. எனக்கு வெட்கம். கொஞ்சம் தவிக்கட்டும் என்று விளையாட்டும்கூட. “என்ன ஓடும், எப்பவும் போலத்தான்” என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். மறுநாள் நீ வந்து சண்டை போட்டாய். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே வீட்டில் சண்டை வரும் என்று இரண்டு பேரும் எடுக்கவில்லை. பிறகு வேறு படம், வேறு வேலை.

நான் பார்க்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு போய்விட்டார். பார்த்தேன் என்று சொல்ல எனக்கு ஆறு வருஷம் இருந்தது, தம்பி, ஒரே வீட்டில்.

வாலுக்கு முத்தம். படத்துக்கு வராவிட்டாலும் வீட்டுக்கு வா.

அக்கா